நீண்டு போன கூடத்துக்கு ஒரு மாப்

கண்டக்டர் வீட்டுக் கூடத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை துடைக்க ஒரு பகல் போதாது. தெருவில் நின்று பார்த்தால் அது மாடியில் இருக்கிற சின்ன வீடு. முன்னால் ஒரு பால்கனி, அதில் ஒரு துணிக்கொடி, அவ்வளவுதான். உள்ளே போய்ச் சமையலறை வாசலில் நின்றால், மறு கோடியில் கண்டக்டரின் அறைக் கதவு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். மேகமூட்டமான நாளில் அதுவும் தெரியாது. தெருவுக்கு இதில் இப்போது வியப்பு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கு எந்த மாப் சரிப்படும் என்பதில்தான் இன்றைக்கும் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

கூடம் நீளத் தொடங்கியது கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில். வாழ்நாள் முழுக்க ஒரே தடத்து பஸ்ஸில் முன்னும் பின்னும் நடந்தவர் அவர். கைப்பிடியைத் தொடாமல் ஓடுகிற வண்டியில் நிற்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் மனைவி நூல் ஆலையில் கண்டு சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவள். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவாள். இருட்டில் தடவிப் பார்த்தே எத்தனை புரி நூல் என்று சொல்லிவிடுவாள். ஆலையை மூடிய பிறகு அவள் கவனமெல்லாம் வீட்டுத் தரைமேல் விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள் பதித்த தரை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை துடைப்பாள். துடைத்த ஈரம் காய்வதற்குள் கண்டக்டர் டூட்டி முடிந்து பூட்ஸ் காலோடு உள்ளே வருவார். அவர் வந்த தடத்தை அவள் மறுபடி துடைப்பாள். கல்யாணமான நாள் முதல் இது நடந்தது, இரண்டு பேரும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

கடைசி டூட்டி முடித்து வந்த அன்றும் அவர் பூட்ஸோடு ஈரத்தில் நடந்தார். அவருக்கு அன்று மனசு சரியில்லை. அவளுக்கும் முதுகுவலி. "உங்க காலடியைத் துடைச்சே என் காலம் போயிடுச்சு" என்றாள். சொன்ன பிறகு அது இவ்வளவு கனமான பேச்சு என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை மாப் போட்டு எடுக்க முடியுமா? கண்டக்டர் பூட்ஸைக் கழற்றினார். "அப்படியா? இனிமே நான் நடக்கவே மாட்டேன். நீ நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டு, கூடத்துக்கு அந்தக் கோடியில் இருந்த தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் தடத்தை யார் துடைப்பது என்று ஒரு வீம்பு. அவள் துடைக்கவில்லை, அவரும் வெளியே வரவில்லை. காலையில் அவள் எழுந்து பார்த்தபோது தடம் இருந்த இடத்தில் புதிதாக ஒரு வரிசைக் கல் முளைத்திருந்தது.

அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடம் நீண்டது. மேஸ்திரி வந்து அளந்தார். "வெளிய அளந்தா சரியா இருக்கும்மா. உள்ள அளந்தா டேப் தீர்ந்துபோகுது. வீட்டு மேலயும் தப்பில்ல, டேப் மேலயும் தப்பில்ல" என்றார். புதிதாக முளைத்த கற்கள் பழையவற்றோடு நூல் பிசகாமல் பொருந்தியிருந்தன. அந்தக் கல் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் நாலைந்தைப் பெயர்த்துக்கொண்டு போகலாமா என்றும் கேட்டார். கொண்டுபோய் வேறொரு வீட்டில் பதித்தார். அங்கே ஒன்றும் வளரவில்லை. அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அன்றைய சண்டையை அன்றே முடித்துக்கொள்கிறவர்கள். வீட்டு வரி வெளியளவுக்குத்தான் என்பதால் வரி கூடவில்லை. மின்சாரக்காரர் மட்டும் இவ்வளவு தூரத்துக்கு விளக்குப் போட ஒயர் பத்தாது என்று கையை விரித்துவிட்டார்.

கண்டக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அறைக்குள்ளேயே குளியலறை இருந்தது. பால்கனியிலிருந்து ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவார். கீழே டீக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேண்டியதை வைத்து அனுப்புவார்கள். தினமும் காலையில் கூடையை மேலே இழுத்ததும் தன் பழைய விசிலை எடுத்து ஒரு தடவை ஊதுவார். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். இந்த ஒற்றை விசிலை அவர் யாருக்காக ஊதினார் என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஆனால் அது காதில் விழும்வரை அவள் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். வருஷம் ஏற ஏற விசில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

போன் இருந்ததே என்று கேட்கலாம். ஒருமுறை அவள் கூப்பிட்டாள், அவரும் எடுத்தார். யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் காத்திருந்ததில் ஒரு வார்த்தையும் இல்லாமலே அழைப்பு முடிந்துபோனது. பிறகு வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள்தான் இருவருக்கும் நடுவே தூது. அம்மாவிடம் அப்பாவின் இருமலைப் பற்றிச் சொல்வாள், அப்பாவிடம் அம்மாவின் முதுகைப் பற்றிச் சொல்வாள். கீழ்வீட்டு அக்கா ஏணி வைத்து பால்கனி வழியாக ஏறிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னாள். "என் வீட்டுக்குள்ள நான் ஏணி வெச்சு ஏறணுமா? நான் என்ன திருடியா?" என்று கேட்டுவிட்டாள் கண்டக்டர் மனைவி. அதே ஏணியை கண்டக்டரிடமும் சொல்லிப் பார்த்தார்கள். டிக்கெட் வாங்காதவன்தான் ஜன்னல் வழியாக இறங்குவான் என்று பதில் வந்தது.

அவளுக்கு அவரைப் பார்க்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான், இதைச் சுற்றி வளைப்பானேன். முதல் வருஷத்தில் கோபம் இருந்தது. இரண்டாவது வருஷத்தில் கோபம் போய் வீம்பு மட்டும் மிச்சம் இருந்தது. அதன் பிறகு வீம்பும் தேய்ந்து, மறு கோடியில் இருமுகிற மனிதருக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லையே என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தத் தொடங்கியது. ஒருநாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினாள். காலையிலிருந்து உச்சிவெயில் வரை நடந்தாள். கதவு தீப்பெட்டி அளவிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் தூசியில் அவள் காலடிகள். அழுக்குத் தரைமேல் நடந்ததனால்தான் இப்படி ஆகிறது, கூடத்தை முழுக்கத் துடைத்துக்கொண்டே போனால் அந்தப் பக்கம் போய்ச் சேரலாம் என்று முடிவு செய்தாள். தரை விஷயத்தில் அவளுக்கு வேறு மருந்து தெரியாது.

மாப் வேட்டை அப்படித்தான் தொடங்கியது. வீட்டில் இருந்த பழைய நூல் மாப் பஞ்சை உதிர்த்துக்கொண்டே வந்து, போகிற வழியிலேயே மொட்டையாகிவிட்டது. அடுத்து வாங்கியது ஸ்பாஞ்ச் மாப். கைப்பிடியை இழுத்தால் தானே பிழிந்துகொள்ளும். பார்க்க ஜோராக இருக்கும். அன்று கதவு தீப்பெட்டியிலிருந்து செங்கல் அளவுக்கு வந்துவிட்டது, உள்ளே அவர் இருமுவதுகூடக் கேட்டது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த கதையாக மாப்பின் கழுத்து மளுக்கென்று ஒடிந்தது. அவள் மண்டியிட்டு, தோளில் கிடந்த துண்டால் துடைத்துத் துடைத்துச் சமையலறைக்குத் திரும்பினாள். வந்து சேர்ந்தபோது துண்டும் இல்லை, முட்டியில் தோலும் இல்லை. மூன்றாவதாக, மெத்தென்ற துணியை ஒட்டி எடுக்கிற தட்டை மாப். துணி நன்றாகத்தான் இருந்தது, ஒட்டுகிற பட்டைதான் தண்ணீரில் ஊறி ஊறிப் பிடிப்பை விட்டுவிட்டது. நாலாவது, மிதித்தால் வாளிக்குள் சுழன்று பிழிகிற மாப். அந்த வாளியை அவ்வளவு தூரம் இழுப்பதற்குள் அவள் இடுப்பே சுழன்றுவிட்டது. மிதிகட்டையின் பல்சக்கரமும் பிளாஸ்டிக்.

ஒவ்வொரு முறையும் பாதி வழியில் மாப் போய்விடும். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி வந்தபின் கூடம் முன்பைவிட நீண்டிருக்கும். அவள் அதற்கெல்லாம் கண்டக்டரின் பூட்ஸையே குறை சொன்னாள். அந்த ஒருநாள் தடம் இன்னும் விதை போட்டுக்கொண்டிருக்கிறது என்று மகளிடம் புலம்பினாள்.

மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். ஏற்கெனவே பொறுமை குறைவு. "அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத" என்றாள்.

"கேளு."

"அப்பாதான் ரூமை விட்டே வெளிய வரலையே. அப்புறம் கூடத்துல நடக்கறது யாரு?"

அவள் போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அன்று காலையில் முளைத்திருந்த கல் வரிசை சமையலறை வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மற்றக் கற்களைவிட அது ஒடுக்கமானது. அவள் வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை அச்சாகப் பொருந்தியது. அடுத்த வரிசையில் வைத்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. கண்டக்டரின் பாதம் பெரியது. அவர் பூட்ஸ் அளவுக்கு அகன்ற வரிசை அந்தக் கூடத்தில் முதல் நாள் முளைத்தது ஒன்றுதான். மற்ற அத்தனை தூரமும் அவளுடையது. துடைக்காமல் விட்ட காலடி ஒவ்வொன்றும் ஒரு வரிசைத் தரையாக வளர்ந்திருக்கிறது. அவரைத் தேடிப் போன அடிகளும் அதில் அடக்கம். அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். அழுததில் தரை ஈரமாயிற்று என்று அதையும் துடைத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் துடைக்கவே இல்லை. தான் தேய்த்துத் தீர்த்த மாப்புகளை எல்லாம் எடுத்துப் பின்கட்டில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலையில் ஒரு கண்டு கெட்டுப்போனால் அதைக் கையில் எடுத்து எங்கே கெட்டது என்று பார்ப்பாள் அல்லவா, அந்தப் பார்வை. எல்லா மாப்பும் ஒரே பக்கத்தில்தான் தேய்ந்திருந்தது: முன்பக்கம். நூல் வைத்தவற்றில் நூல்கள் மடங்கி, சுருண்டு, முடிச்சு விழுந்து, அந்த முடிச்சில் அறுந்திருந்தன. இது இழுத்து அறுந்த நூல் இல்லை, தள்ளி அறுந்த நூல். கண்டு சுற்றும் பகுதியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றுதான்: நூலை இழுக்கலாம், தள்ள முடியாது. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது.

முன்பெல்லாம் அவள் அப்படித் துடைத்தவள் அல்ல. எல்லாரையும்போல உள்சுவரில் ஆரம்பித்து, மாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து வருவாள். தான் நின்ற இடத்தைத் தானே துடைத்துக்கொண்டு வருவதால் காலடி மிஞ்சாது. அந்தச் சண்டைக்குப் பிறகுதான் முன்னால் பார்த்துத் தள்ள ஆரம்பித்தாள். தள்ளிய ஈரத்திலேயே மிதித்துப் போவாள். காலடி கண்ணில் பட்டால் பொறுக்காமல் திரும்பி வந்து துடைப்பாள், அப்படி வருவதில் இன்னும் நாலு அடி பதியும். ஏன் அப்படிச் செய்தாள் என்று யோசித்தால் காரணமும் அவளுக்குத் தெரிந்தது. அவர் அறைக் கதவிலிருந்து கண்ணை எடுக்க அவளுக்குப் பயம். கண்ணை எடுத்தால் அதுவும் காணாமல் போய்விடும் என்று பயம்.

அவள் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்த வருஷம் அவர் கடையில் மாப் வியாபாரம் அவளால்தான் ஓடியது. "இந்தத் தடவை எது வேணும்க்கா?" என்றார். அவள் அவரிடம் தீப்பெட்டி கேட்டாள். தொங்கிய மாப்புகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழையைப் பிரித்து, புரி எண்ணி, முறுக்கைத் தளர்த்திப் பார்த்தாள். நாக்கில் வைத்து ஈரம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பார்த்தாள். நுனியைக் கொளுத்தினாள். காகித வாசனை வந்தால் பருத்தி. தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் காயப்போடாவிட்டால் சீக்கிரம் மக்கும். உருகி உருண்டையானால் செயற்கை. மக்காது, தண்ணீரும் குடிக்காது. இரண்டும் கலந்த நாலு புரி நூல் ஒன்று இருந்தது. அதன் நுனிகள் வெட்டி விடப்படாமல் வளையமாகத் திரும்பித் தைக்கப்பட்டிருந்தன. வெட்டிய நுனிதான் முதலில் பிரியும், வளையம் பிரியாது. நூல்கள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க நடுவே குறுக்காக ஒரு நாடா வைத்துத் தைத்திருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் மரை இல்லை, இரும்புக் கவ்வி. பிடிக்கு நேரான மரக்கம்பு. அவள் அந்தக் கம்பை முழங்காலில் கொடுத்து வளைத்துப் பார்த்தபோது கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பு ஒடியவில்லை.

"இது உழைக்குமாக்கா?" என்று விற்கிறவரே வாங்குகிறவளிடம் கேட்டார்.

"இழுத்தா உழைக்கும். தள்ளினா இதுவும் போயிடும்" என்றாள்.

வாங்கி வந்த மாப்பை நன்றாக அலசிப் பிழிந்து, நூல் கீழே தொங்கும்படி வெயிலில் மாட்டினாள். பூத்தொட்டி வைக்கிற சக்கரப் பலகைமேல் இரண்டு வாளித் தண்ணீரை ஏற்றினாள். எல்லாம் தயாராக இருந்தது, அவள்தான் தயாராக இல்லை. பின்னால் நகர்ந்து போவதென்றால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் எதுவும் தெரியாது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டாள். நடந்ததையெல்லாம் மகளிடம் மட்டும் சொன்னாள்: காலடி தரையாவது, நூலைத் தள்ளக் கூடாதது, கண்ணை எடுக்கப் பயமாக இருப்பது. மகள் எதையும் தனக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் விசில் கேட்கவில்லை. சத்தம் மெலிந்து போனதால் காதில் விழவில்லையோ என்று சமையலறையில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை. மறுநாளும் இல்லை. கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, நேற்றிலிருந்து கூடையும் இறங்கவில்லை, டீக்கடைக்காரர் கேட்டார் என்றாள். அக்காவின் கணவர் யாரையும் கேட்காமல் ஏணியை வைத்து ஏறி, பால்கனிக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். "கட்டில் காலியா இருக்கும்மா. கூடத்துப் பக்கத்துக் கதவு திறந்து கிடக்கு. ஆளைக் காணோம்" என்றார்.

அப்படியென்றால் அவர் கூடத்தில்தான் இருக்கிறார். நடக்கவே மாட்டேன் என்றவர் நடந்திருக்கிறார். எங்கே விழுந்து கிடக்கிறாரோ. அவள் வாசலில் நின்று பார்த்தாள். தூரத்து மங்கலில் ஒன்றும் தெரியவில்லை. ஓடிவிடலாமா என்று காலைத் தூக்கினாள். ஓடினால் கூடமும் கூடவே ஓடும் என்பது நினைவுக்கு வந்தது. காலைக் கீழே வைத்தாள், அந்த இடத்தைத் துடைத்தாள். பிறகு கூடத்துக்கு முதுகைக் காட்டி, சமையலறையைப் பார்த்து நின்று, மாப்பை நனைத்துப் பிழிந்து தன் பக்கம் இழுத்தாள்.

பின்னால் ஓர் அடி, ஓர் இழுப்பு. வாளிப் பலகையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். அதன் சக்கரத் தடத்தையும் சேர்த்துத் துடைப்பாள். கண்ணுக்கு முன்னால் சமையலறை மட்டும் தெரிந்தது. அடுப்பு, அடுப்புக்கு மேலே ஜன்னல், ஜன்னலில் ஒரு துண்டு வெயில். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. அவளுக்கும் அதற்கும் நடுவே ஒரு காலடிகூட இல்லாமல் தரை பளிச்சென்று கிடந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அந்தத் தரையை அப்படிப் பார்த்ததில்லை. நூல் வளையங்கள் விரிந்து, ஒன்றோடொன்று சிக்காமல், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தன. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்த்தால் காலும் திரும்பும், கால் திரும்பினால் தடம் பதியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு வாளித் தண்ணீர் கறுத்தது, மற்றதற்கு மாறினாள். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. ஜன்னல் வெயில் மஞ்சளாக மாறுகிற நேரத்தில் சமையலறை வாசல் தீப்பெட்டி அளவுக்குப் போயிருந்தது.

அப்போது அவள் முதுகு எதிலோ இடித்தது.

சுவர் இல்லை. சுவர் இவ்வளவு ஒல்லியாக இருக்காது, மூச்சும் விடாது. அவள் அசையாமல் நின்றாள். அவள் முதுகை இடித்த முதுகும் அசையாமல் நின்றது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், பழக்க தோஷத்தில், திரும்பிப் பார்க்காமலே சொன்னது:

"நடுவுல நிக்காதீங்க, உள்ள போங்க. உள்ள எடம் இருக்கு."

 "நான் இறங்க வேண்டிய எடம் இதுதான்" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவர் இளைத்திருந்தார். தாடி வெளுத்திருந்தது. கையில் அவரும் ஒரு மாப் வைத்திருந்தார். திரைச்சீலைக் கம்பியின் நுனியில் காக்கித் துணிப் பட்டைகளைக் கொத்தாக வைத்து, கூடைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். காக்கி எல்லாம் அவருடைய பழைய சீருடை. சட்டைப் பித்தான் ஒன்று பட்டை நடுவே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷ வெயிலையும் வியர்வையையும் தாங்கிய துணி, கூடத்தில் பாதியைத் துடைத்த பிறகும் ஓர் இழை பிரியவில்லை. மகள் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். அவர் தன் அறை வாசலிலிருந்து பின்பக்கமாகவே வந்திருக்கிறார். வழியில் களைத்துப்போய் ஓர் இரவு தரையிலேயே படுத்து, படுத்த இடத்தையும் துடைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

"ரெண்டு நாளா ஏன் விசில் அடிக்கலை?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே அவர் தோளில் ஓர் அடி போட்டாள். "நான் செத்துப் பிழைச்சேன், தெரியுமா?"

"வண்டி கிளம்பியாச்சு. ஓடுற வண்டியில எதுக்கு விசில்?" என்றார் அவர். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "உன் முதுகுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அது கடைசி டூட்டி அன்று அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவளும் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சொன்னாள். "வலிக்குதுங்க" என்றாள். அவர் அவள் கையிலிருந்த மாப்பை வாங்கிப் பார்த்தார். நூல் நல்ல நூல் என்றார். உங்கள் கட்டும் நல்ல கட்டுதான் என்றாள் அவள். ஆனால் பித்தானை எடுத்திருக்கலாம், தரையில் கீறல் விழும் என்றும் சொன்னாள்.

கூடம் அதன் பிறகு குறையவில்லை. முளைத்த தரை முளைத்ததுதான் என்று மேஸ்திரி வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். அதனால் அவர்கள் நடுவிலேயே குடித்தனம் வைத்தார்கள். ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன அடுப்பும் கொண்டுவந்து போட்டார்கள். காலையில் அவள் தன் பக்கம் நடந்து போய்ச் சமையலறையிலிருந்து வேண்டியதை எடுப்பாள். அவர் தன் பக்கம் நடந்து போய் பால்கனியில் கூடையை இழுப்பார். வரும்போது இருவரும் பின்பக்கமாக, போன காலடியைத் துடைத்துக்கொண்டே வருவார்கள். சாயங்காலம் முதுகும் முதுகும் இடித்துக்கொள்ளும்போது அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். நாள் முழுக்கப் போகவர அவ்வளவு தூரம் இருப்பதால் இப்போது சண்டை போட்டாலும் பாதி வழியிலேயே ஆறிவிடுகிறது. காக்கி மாப் இன்னும் உழைக்கிறது. நூல் மாப்பை ஒருமுறை மாற்றினார்கள்.

மகள் பிரசவம் முடிந்து, குழந்தைக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில் வந்தாள். பாட்டியும் தாத்தாவும் அன்று அவளுக்காகக் கூடத்தை மூலை முடுக்கு விடாமல் துடைத்து வைத்திருந்தார்கள். பேத்தி அதுவரை எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து நின்று, எதிரே விரிந்து கிடந்த ஈரத் தரையைப் பார்த்தாள். குளித்து வந்த கால், சரியாகத் துவட்டவில்லை. போகலாமா வேண்டாமா என்று பின்னால் திரும்பித் தாத்தாவைப் பார்த்தாள். கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார்.

குழந்தை நாற்காலியை விட்டது. ஒன்று, இன்னொன்று, அடுத்தது என்று தள்ளாடித் தள்ளாடிப் போய், ஒருமுறை உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் போனது. பளிச்சென்று துடைத்த கறுப்பு வெள்ளைக் கற்களில் வெற்றிலை அளவுகூட இல்லாத காலடிகள் வரிசையாகப் பதிந்தன. "ஐயோ அம்மா, தரை!" என்றாள் மகள். பாட்டியின் கை பழக்கத்தில் மாப்பை எடுத்துவிட்டது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுவரில் சாய்த்து வைத்தாள்.

"காயட்டும்" என்றாள்.

மறுநாள் காலையில் கூடம் குட்டிக் குட்டியாகக் கொஞ்சம் நீண்டிருந்தது. கண்டக்டர் கூடையை இழுக்கக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினார்.